சோலார் கருவிக்கு முதலீடு வாங்கும் முன், அது உங்களுடையதுதானா என்று பாருங்கள்

டர்பனின் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பகலில் இன்வெர்ட்டர் பொருத்தும் கம்பெனி ஒன்றில் வேலை. இரவில் நண்பர் ஒருவரோடு சேர்ந்து ஒரு கண்ட்ரோலர் செய்திருக்கிறார். கூரைப் பேனலில் வரும் உபரி மின்சாரத்தை அது கீசருக்குத் திருப்பிவிடும். சொந்தக்காரர் வீடுகளில் மாட்டிப் பார்த்தாகிவிட்டது, நன்றாக ஓடுகிறது. பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்றிலும் சோதித்திருக்கிறார்கள். தாய்மாமா தன் ஓய்வுப் பணத்தில் ஒரு பகுதியைப் போடத் தயாராக இருக்கிறார். ஜோஹன்னஸ்பர்க்கில் ஒரு முதலீட்டாளரும் ஆர்வம் காட்டியிருக்கிறார். அவர் கேட்ட முதல் கேள்வி: "உங்களிடம் என்ன அறிவுசார் சொத்துரிமை இருக்கிறது?" காப்புரிமை, பதிப்புரிமை, வடிவமைப்பு உரிமை எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் அந்தப் பெயர். இதை ஒட்டித் தம்பி மூன்று விஷயம் கேட்கிறார். காப்புரிமை எடுத்தே ஆக வேண்டுமா? சீனப் பேனல், சீன பேட்டரியோடு சேர்த்து விற்றால் யாராவது வழக்குப் போடுவார்களா? பூமி சூடாகிக்கொண்டிருக்கும்போது இந்தத் தொழில்நுட்பமெல்லாம் எல்லாருக்கும் பொதுவாக இருக்க வேண்டாமா?

தம்பி, காப்புரிமைச் சான்றிதழ் கையில் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று நினைக்கிறீர்கள் போலத் தெரிகிறது. தென்னாப்பிரிக்காவில் அப்படி இல்லை. 1978-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டப்படி இங்கே விண்ணப்பத்தின் படிவங்கள் சரியாக இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்து உரிமை கொடுத்துவந்திருக்கிறார்கள். உள்ளே இருக்கும் கண்டுபிடிப்பு உண்மையிலேயே புதியதா, ஏற்கெனவே ஊரறிந்ததா என்று அலுவலகம் துருவிப் பார்ப்பதில்லை. 2021-இல் 'டபஸ்' என்ற செயற்கை நுண்ணறிவைக் கண்டுபிடிப்பாளராகக் குறிப்பிட்ட விண்ணப்பத்துக்கு உலகத்திலேயே முதலில் காப்புரிமை கொடுத்த நாடு நம்முடையது. அமெரிக்காவும் ஐரோப்பாவும் அதே விண்ணப்பத்தை நிராகரித்தன. உள்ளடக்கத்தையும் பரிசோதிக்கும் முறையைக் கொண்டுவரப் போவதாக 2018-இல் அமைச்சரவை ஏற்ற கொள்கை சொல்கிறது. ஆனால் உங்கள் முதலீட்டாளருடைய வழக்கறிஞருக்கு இந்த நாட்டுச் சான்றிதழின் மதிப்பு நன்றாகவே தெரியும். அதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு வேறு ஒன்றைத்தான் தோண்டுவார். வீடு வாங்குகிறவர் மூலப்பத்திரத்திலிருந்து ஒவ்வொரு உரிமை மாற்றமாகப் பார்த்துவருவதுபோல, இந்தக் கருவியில் யார் யார் கை பட்டது, அவர்கள் எல்லாரும் உரிமையை எழுதிக் கொடுத்திருக்கிறார்களா என்று பார்ப்பார். உங்கள் விஷயத்தில் சிக்கல் இருப்பது அங்கேதான்.

அதற்கு முன், இந்த நாட்டின் கதை கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். எனக்கு இது வெறும் சட்ட விஷயம் இல்லை, மனதை உறுத்தும் விஷயம். சோடியம்–நிக்கல் குளோரைடில் ஓடும் 'ஜீப்ரா' பேட்டரி 1985-இல் பிரிட்டோரியாவில், சி.எஸ்.ஐ.ஆர் என்ற அரசு ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வகத்தில், யோஹான் குட்ஸியர் குழுவிடம் பிறந்தது. இங்கிலாந்தின் டெர்பிக்குப் போய் வளர்ந்து, கடைசியில் உற்பத்தி சுவிட்சர்லாந்தில் நிலைபெற்றது. அதே சி.எஸ்.ஐ.ஆரில் இருந்த மைக்கேல் தாக்கரே லித்தியம் பேட்டரிகளின் மாங்கனீஸ் வேதியியலில் அடிப்படை வேலை செய்தவர். பிறகு அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகத்துக்குப் போனார். அங்கே அவரும் சகாக்களும் பதிந்த நிக்கல்–மாங்கனீஸ்–கோபால்ட் காப்புரிமைகளுக்கு பி.ஏ.எஸ்.எஃப், எல்ஜி, ஜெனரல் மோட்டார்ஸ் போன்றவர்கள் உரிமம் வாங்கினார்கள். ஜோஹன்னஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் விவியன் ஆல்பர்ட்ஸ் செம்பு, இண்டியம், காலியம், செலினியம் கொண்ட மெல்லிய படல சோலார் தொழில்நுட்பத்தை உருவாக்கினார். அதற்கு உரிமம் வாங்கிப் பெரிய அளவில் தொழிற்சாலை கட்டியது ஜெர்மனியின் பிராண்டன்பர்க்கில் யோஹானா சோலார். பின்னால் அதை பாஷ் வாங்கியது. கேப் டவுனில் உருவான 'ஜூல்' மின்சாரக் கார் 2008-இல் பாரிஸ் கண்காட்சியில் எல்லாரையும் திரும்பிப் பார்க்க வைத்தது. உற்பத்திக்குத் தேவையான பணம் சேராமல் 2012-இல் அந்த நிறுவனமே மூடப்பட்டது.

இந்த நாலு கதையிலும் அறிவுக்குக் குறைவில்லை, காப்புரிமைக்கும் குறைவில்லை. தொழிற்சாலை கட்டும் கட்டத்தில் இங்கே பணம் இல்லை. முதல் மூன்றில் பணம் இருந்த ஊருக்கு உற்பத்தி போனது, வேலையும் அங்கேயே போனது. இதில் வெளிநாட்டுக்காரர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம் பக்கத்தில் யாரும் முன்கூட்டியே உட்கார்ந்து, எந்த உரிமையைக் கொடுப்பது, எதை இங்கேயே வைத்துக்கொள்வது என்று போதுமான அளவு பேசவில்லை என்பதுதான் என் எண்ணம். உங்கள் கருவி சின்னது. ஆனாலும் பேச வேண்டியது அதேதான்.

சரி, உங்கள் கருவியில் கை பட்டவர்களுக்கு வருவோம்.

முதலில் உங்கள் முதலாளி. இன்வெர்ட்டர் பொருத்தும் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே உபரி மின்சாரக் கண்ட்ரோலர் செய்திருக்கிறீர்கள். வேலையின் எல்லைக்குள் செய்த கண்டுபிடிப்பு முதலாளிக்குப் போகும். எல்லைக்கு வெளியே செய்ததையும் எழுதிக் கொடுக்கச் சொல்லும் ஒப்பந்த வாசகம் காப்புரிமைச் சட்டத்தின் 59-ஆம் பிரிவுப்படி செல்லாது. கேள்வி என்னவென்றால், உங்கள் வேலையின் எல்லை எது? மாட்டிக் கொடுப்பது மட்டுமா, வடிவமைப்பும் உண்டா? நியமனக் கடிதத்தை எடுத்துப் படியுங்கள். கம்பெனியின் அலைக்காட்டி (ஆசிலாஸ்கோப்), உதிரிப் பாகம், வாடிக்கையாளர் வீட்டுத் தரவு எதையாவது பயன்படுத்தினீர்களா என்று நேர்மையாக யோசியுங்கள். பிறகு, இந்தக் கருவியில் தங்களுக்கு உரிமை இல்லை என்று முதலாளியிடம் ஒரு பக்கக் கடிதம் வாங்கப் பாருங்கள். கேட்கத் தயக்கமாகத்தான் இருக்கும். ஆனால் இன்றைக்கு, கருவி ஒன்றும் சம்பாதிக்காத நிலையில், அந்தக் கையெழுத்து சுலபம். முதலீடு வந்த செய்தி பரவிய பிறகு அதே கையெழுத்துக்கு விலை வந்துவிடும்.

அடுத்து நண்பர். மென்பொருளில் அவர் கையும் இருக்கிறது. எழுதுகிற வேலையை யார் தன் கட்டுப்பாட்டில் நடத்தினாரோ அவரைத்தான் நம் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலின் ஆசிரியராகக் கருதுகிறது. நீங்கள் இருவரும் ராத்திரி ராத்திரியாகச் சேர்ந்து உட்கார்ந்து எழுதியிருந்தால், யார் கட்டுப்பாடு என்று பின்னாளில் நிரூபிப்பது பெரும்பாடு. பதிப்புரிமையை மாற்றிக் கொடுக்க எழுத்தும் கையெழுத்தும் வேண்டும். வாட்ஸ்அப்பில் "எல்லாம் நம்ம ரெண்டு பேருக்கும்தான்டா" என்று பேசிக்கொண்டது எதற்கும் உதவாது. நட்பு நன்றாக இருக்கும் இப்போதே எழுதி வையுங்கள்.

மூன்றாவது, பல்கலைக்கழக ஆய்வகம். அங்கே சோதித்ததை நீங்கள் ஒரு வரியில் சொல்லித் தாண்டிவிட்டீர்கள். எனக்கு அதிகக் கவலை தருவது அதுதான். அரசுப் பணத்தில் நடக்கும் ஆராய்ச்சியின் சொத்துரிமை பற்றி 2008-இல் தனிச் சட்டம் வந்தது, 2010-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. அரசு நிதியில் நடந்த ஆராய்ச்சியிலிருந்து பிறந்ததெல்லாம் பொதுவாக அந்த நிறுவனத்துக்கே சொந்தம். வெளியாள் முழுச் செலவையும், கட்டடம், மின்சாரம், நிர்வாகச் செலவு உட்பட, கொடுத்திருந்தால் மட்டுமே அது தனியார் வேலையாகக் கணக்கில் வரும். வெறுமனே உங்கள் பெட்டியை வைத்து அளவு எடுத்துக் கொடுத்தார்களென்றால் கவலை குறைவு. ஆனால் அங்கே இருந்த மாணவரோ விரிவுரையாளரோ "இப்படி மாற்றிப் பாருங்கள்" என்று சொல்லி, அந்த மாற்றம் இன்று கருவிக்குள் இருக்கிறதென்றால், பல்கலைக்கழகமும் ஒரு பங்குதாரராக வந்து நிற்கலாம். அப்படி இருந்தாலும் அது கெட்ட செய்தியே அல்ல. இந்தச் சட்டம் கண்டுபிடித்தவர்களுக்கும் நியாயம் செய்கிறது: நிறுவனத்துக்கு வரும் முதல் பத்து லட்சம் ரேண்டு வருவாயில் குறைந்தது 20 சதவீதம், அதற்கு மேல் நிகர வருவாயில் குறைந்தது 30 சதவீதம் அந்தக் கண்டுபிடிப்பாளர்களுக்குப் போக வேண்டும். உரிமம் கொடுக்கும்போது சிறு நிறுவனங்களுக்கு முன்னுரிமையும் உண்டு. பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்பப் பரிமாற்ற அலுவலகத்துக்கு நீங்களாகவே போய்ப் பேசுங்கள். ஒளித்து வைத்தால்தான் ஆபத்து.

நாலாவது மாமா. நம் வீடுகளில் பணம் போடுகிறவர் பெயரையும் பத்திரத்தில் சேர்ப்பது மரியாதை என்று நினைப்போம். காப்புரிமையில் அதைச் செய்யாதீர்கள். இந்த நாட்டில் கூட்டு உரிமையாளர்களில் ஒருவர், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், மற்றவர் சம்மதம் இல்லாமல் அந்தக் கண்டுபிடிப்பைத் தானே தயாரித்து விற்கவும் முடியாது, உரிமம் கொடுக்கவும் முடியாது. மாமாவுக்கு ஏதாவது ஆகி, அவர் பங்கு நாலு வாரிசுகளுக்குப் பிரிந்தால் நாலு பேர் கையெழுத்துக்கும் அலைய வேண்டும். ஒரு தனியார் நிறுவனம் தொடங்குங்கள். நீங்களும் நண்பரும் எல்லா உரிமையையும் அதற்கு எழுதிக் கொடுங்கள். மாமாவுக்கு அந்த நிறுவனத்தில் பங்கு கொடுங்கள். அவர் போடுவது கடனா பங்கா என்பதையும் எழுத்தில் வையுங்கள். கடன் என்றால் காப்புரிமையையே அடமானமாக எழுதி, காப்புரிமைப் பதிவேட்டில் பதிய வழி இருக்கிறது. ஓய்வுப் பணம் போடுகிற மனிதருக்கு அந்தப் பாதுகாப்பைக் கொடுப்பது நம் கடமை என்றே சொல்வேன்.

இப்போது காப்புரிமை. உபரி சோலார் மின்சாரத்தைக் கீசருக்குத் திருப்புவது என்ற யோசனை பழையது, பல நாடுகளில் கடையிலேயே கிடைக்கிறது. அதற்குக் காப்புரிமை கேட்டால் சான்றிதழ் கிடைக்கலாம், வழக்கு என்று வந்தால் நிற்காது. ஆனால் நீங்கள் எழுதியதில் ஒரு வரி என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. தெர்மோஸ்டாட் குழிக்குள் ஒரே ஒரு உணரியை வைத்து, வெப்பம் ஏறும் வேகத்திலிருந்து தொட்டிக்குள் எத்தனை லிட்டர் சுடுநீர் மிச்சம் என்று கணிக்கிறீர்கள். வழக்கமான 150 லிட்டர் கீசரில் மேலே சூடும் கீழே குளிருமாகத் தண்ணீர் அடுக்காக நிற்கும். ஒற்றை உணரியால் அதைச் சரியாகச் சொல்வது லேசான வேலை இல்லை. புதுமை இருக்குமானால் அங்கேதான் இருக்கும். கணினி நிரலுக்கு அப்படியே காப்புரிமை கிடையாது. உணரி, கட்டுப்படுத்தும் பெட்டி, சூடேற்றும் கம்பி மூன்றும் சேர்ந்து இயங்கும் ஓர் அமைப்பாகவும் முறையாகவும் எழுத வேண்டும்.

ஒரு தடை உண்டு. தைப்பூசத்தன்று கோயில் பக்கத்தில் ஸ்டால் போட்டுக் கருவியைக் காட்டினோம், துண்டுச்சீட்டு கொடுத்தோம் என்கிறீர்கள். விண்ணப்பம் போடும் முன் உலகில் எங்கே வெளியானாலும் புதுமை போய்விடும். சொந்தக்காரர் வீடுகளில் மாட்டிப் பார்த்தது நியாயமான தொழில்நுட்பச் சோதனை என்று சட்டம் பொறுத்துக்கொள்ளும். ஸ்டாலைப் பொறுக்காது. ஆகவே அந்தத் துண்டுச்சீட்டை எடுத்துப் பாருங்கள். "மின்சாரக் கட்டணம் குறையும், சுடுநீர் எப்போதும் இருக்கும்" என்று மட்டும் இருந்தால் பிழைத்தீர்கள். கணிக்கும் முறையை வரைபடத்தோடு விளக்கியிருந்தால் அந்தப் பகுதி கைவிட்டுப் போயிற்று. ஸ்டாலில் நின்று வாயால் என்ன விளக்கினீர்கள் என்பதும் கணக்கில் வரும். அப்புறம், யாருக்கும் இனி வீடியோ அனுப்பாதீர்கள், விற்கவும் தொடங்காதீர்கள்.

வெளியே தெரிந்த பெட்டிக்கும் உணரியைக் குழிக்குள் பிடித்து நிறுத்தும் கவ்விக்கும் இன்னும் கதவு திறந்திருக்கிறது. 1993-இன் வடிவமைப்புச் சட்டத்தில், முதலில் வெளியிட்ட நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் பதியலாம். தைப்பூசம் முடிந்து இன்னும் அவ்வளவு ஆகவில்லை. தோற்றத்துக்கு 15 ஆண்டு, செயல்பாட்டு வடிவத்துக்கு 10 ஆண்டு பாதுகாப்பு. கவ்வியைக் கீசரின் உதிரிப் பாகம் என்று யாரும் வாதாட இடம் கொடுக்காமல் எழுதச் சொல்லுங்கள். உதிரிப் பாகங்களுக்குச் செயல்பாட்டு வடிவ உரிமை செல்லாது.

கணிப்புக்குப் பின்னால் இருக்கும் எண்கள், அளவுதிருத்த அட்டவணைகள் இவற்றை விண்ணப்பத்தில் கொட்ட வேண்டாம். ஒரு துறை வல்லுநர் செய்துகொள்ளும் அளவுக்கு முறையை விளக்க வேண்டியது கட்டாயம், அதில் ஏமாற்றக் கூடாது. அதற்கு மேலானதைத் தொழில் ரகசியமாக வைத்துக்கொள்ளலாம். ரகசியத்தைக் காப்பது காப்புரிமையை விடக் கடினம் என்பதற்குக் காற்றாலைத் துறையில் ஒரு பாடம் உண்டு. அமெரிக்கன் சூப்பர்கண்டக்டர் நிறுவனத்தின் ஆஸ்திரியக் கிளையில் வேலை பார்த்த ஒரு பொறியாளர், காற்றாலையைக் கட்டுப்படுத்தும் மென்பொருளை 2011-இல் சீனாவின் சைனோவெல்லுக்குக் கொடுத்துவிட்டார். 2018-இல் அமெரிக்க நீதிமன்றம் சைனோவெல்லைக் குற்றவாளி என்றது, 5.75 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. ஆனால் அதற்குள் அந்த அமெரிக்க நிறுவனம் நூற்றுக்கணக்கான ஆட்களை வீட்டுக்கு அனுப்பியிருந்தது. உங்கள் மூல நிரல் யார் யார் மடிக்கணினியில் இருக்கிறது என்று இன்றே ஒரு பட்டியல் போடுங்கள்.

விண்ணப்ப முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தற்காலிக விண்ணப்பத்தை நீங்களே போடலாம், அரசுக் கட்டணம் கொஞ்சம்தான். அதிலிருந்து 12 மாதத்துக்குள் முழு விண்ணப்பம் போட வேண்டும், அதற்குக் காப்புரிமை வழக்கறிஞர் கட்டாயம், செலவும் அங்கேதான். என் பேச்சைக் கேட்டால் தற்காலிக விண்ணப்பத்தையும் வழக்கறிஞரை வைத்தே எழுதுங்கள். அதில் எழுதாமல் விட்டதைப் பின்னால் அதே தேதிக்குச் சேர்க்க முடியாது.

சீனப் பேனல் பற்றிப் பயப்படுகிறீர்கள். காப்புரிமை நாட்டுக்கு நாடு தனித்தனி. ஹன்வா கியூசெல்ஸ் நிறுவனம் சோலார் செல்லின் பின்பக்கப் படலம் தொடர்பாக ஜிங்கோ, லோங்கி, ஆர்இசி மீது வழக்குப் போட்டது. 2020-இல் ஜெர்மனியின் டுசெல்டார்ஃப் நீதிமன்றம் மீறல் நடந்திருக்கிறது என்றது. அதே ஆண்டு அமெரிக்காவின் பன்னாட்டு வர்த்தக ஆணையம் மீறல் இல்லை என்றது. ஒரே தொழில்நுட்பம், இரண்டு முடிவு. இங்கே ஒரு பேனல் பிரச்சினையாக வேண்டுமானால் அந்தக் காப்புரிமை இங்கே பதிவாகி, ஆண்டுக் கட்டணம் கட்டி உயிரோடு இருக்க வேண்டும். வீட்டு பேட்டரிகளில் இப்போது அதிகம் வருகிற லித்தியம் இரும்பு பாஸ்பேட்டின் அடிப்படைக் காப்புரிமைகள் 2022 வாக்கில் காலாவதியாகிவிட்டன. இருந்தாலும் இறக்குமதி செய்கிறவரும் விற்கிறவரும் சட்டப்படி மீறுபவர்களாகலாம் என்பதால், சப்ளையரிடம் 'இந்த நாட்டில் காப்புரிமை வழக்கு வந்தால் பொறுப்பு எங்களுடையது' என்ற வாசகத்தைக் கேட்டு வாங்குங்கள். பேனலையும் பேட்டரியையும் நீங்களே விற்காமல், கண்ட்ரோலரை மட்டும் விற்றால் இந்தத் தலைவலியே இல்லை. நான் உங்கள் இடத்தில் இருந்தால் அதைத்தான் செய்வேன்.

பொதுவாக இருக்க வேண்டாமா என்ற கேள்வியில் எனக்கு உங்கள் பக்கம்தான் மனம் சாய்கிறது. கோவிட் காலத்தில் தென்னாப்பிரிக்காவும் இந்தியாவும் 2020 அக்டோபரில் உலக வர்த்தக அமைப்பில் அறிவுசார் சொத்துரிமை விதிகளைத் தளர்த்தக் கேட்டன. 2022 ஜூனில் தடுப்பூசிக்கு மட்டும் ஒரு சுருங்கிய முடிவு வந்தது. பருவநிலைத் தொழில்நுட்பத்துக்கு அந்த அளவுகூட நடக்கவில்லை. 2021-இல் கிளாஸ்கோவில் பணக்கார நாடுகள் நாம் நிலக்கரியிலிருந்து மாறுவதற்கு 850 கோடி டாலர் அறிவித்தபோதும் பேச்சு பெரும்பாலும் கடனைப் பற்றியே இருந்தது, தொழில்நுட்பம் யார் கையில் இருக்கும் என்பதைப் பற்றி அவ்வளவாக இல்லை. அது பெரிய குறை. நம் சட்டத்தின் 56-ஆம் பிரிவு காப்புரிமையைத் தவறாகப் பயன்படுத்துகிறவரிடமிருந்து கட்டாய உரிமம் பெற வழி வைத்திருக்கிறது. பெரிய மருந்து வழக்குகளில் பேசப்படும் அந்தப் பிரிவு மின்சாரத் துறைக்கும் பொருந்தும்.

தானாகத் திறந்துவிட்டவர்களும் உண்டு. டெஸ்லா 2014-இல் தன் காப்புரிமைகளை நல்லெண்ணத்தோடு பயன்படுத்துகிறவர்கள் மீது வழக்குப் போடமாட்டோம் என்றது. அந்த நல்லெண்ணத்துக்கு அவர்களே எழுதிய விளக்கத்தைப் படியுங்கள்: பயன்படுத்துகிறவர் டெஸ்லா மீது தன் சொத்துரிமையை வலியுறுத்தக் கூடாது. இலவசம் என்று எடுத்தால் உங்கள் கையில் இருப்பதும் மழுங்கிப்போகும். டொயோட்டா 2019-இல் ஹைப்ரிட் தொழில்நுட்பத்தில் சுமார் 24,000 காப்புரிமைகளை ராயல்டி இல்லாமல் திறந்தது. அதற்கும் ஒப்பந்தம் போட வேண்டும். நீங்களே பொதுவில் விட விரும்பினால், உரிமையை முதலில் உங்கள் நிறுவனத்தின் பெயரில் ஒழுங்காக வைத்துக்கொண்டு, பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் சேரிப் பகுதிக் குடியிருப்புகளுக்கும் கட்டணமில்லா உரிமம் கொடுங்கள். உரிமை கையில் இல்லாதவரால் அதைக்கூடச் செய்ய முடியாது.

கடைசியாக அந்த ஜோஹன்னஸ்பர்க் ஒப்பந்தம். வரைவு வந்ததும் இரண்டு இடத்தைப் பாருங்கள். ஒன்று, சொத்துரிமை முழுவதும் முதலீட்டாளரின் நிறுவனத்துக்கு மாறுகிறதா, அல்லது உங்கள் நிறுவனத்திலேயே இருந்துகொண்டு அவர் பங்குதாரராக வருகிறாரா? இரண்டாவது, அந்த உரிமை மொரிஷியஸிலோ நெதர்லாந்திலோ இருக்கும் ஒரு நிறுவனத்துக்குப் போகிறதா? 2011-இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் வணிகச் சின்னத்தை வெளிநாட்டுக்கு மாற்றுவது மூலதன ஏற்றுமதி ஆகாது என்று தீர்ப்புச் சொன்னது. உடனே 2012-இல் அந்நியச் செலாவணி விதிகளைத் திருத்தி அறிவுசார் சொத்தையும் உள்ளே கொண்டுவந்துவிட்டார்கள். அதனால் வெளிநாட்டுக்கு உரிமை மாற்ற, அங்கீகாரம் பெற்ற வங்கி வழியாக ரிசர்வ் வங்கி விதிகளின்படி போக வேண்டும், நியாயமான விலை மதிப்பீடும் வேண்டும். உரிமையை மாற்றித்தான் ஆக வேண்டும் என்று அவர் நின்றால், குறிப்பிட்ட காலத்துக்குள் உற்பத்தி தொடங்காவிட்டால் உரிமை திரும்ப உங்களுக்கே வந்துசேரும் என்ற வாசகத்தையும், தென்னாப்பிரிக்காவில் தயாரித்து விற்க உங்களுக்கு நிரந்தர உரிமம் என்ற வாசகத்தையும் கேளுங்கள். முதலாவதை மறுத்தால் விலையை ஏற்றிப் பேசுங்கள். இரண்டாவதை மறுத்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.